205.33 மீட்டர்: யமுனை வெள்ளத்தை ஒரு பழைய ரயில் பாலத்தில் ஏன் அளக்கிறார்கள்?

வடக்கே மழை வலுத்தால் செய்தித் தொலைக்காட்சிகளின் அடிவரியில் ஒரு வாக்கியம் ஓடத் தொடங்கிவிடும்: 'பழைய ரயில்வே பாலத்தில் யமுனையின் நீர்மட்டம் அபாய அளவான 205.33 மீட்டரைத் தாண்டியது.' 2023 ஜூலையில் ஓடியது. 2025 செப்டம்பரிலும் ஓடியது. படிப்பவர்களுக்கு மூன்று சந்தேகங்கள் வருகின்றன, மூன்றும் நியாயமானவை.

1. 205 மீட்டர் என்றால் அறுபது எழுபது மாடி உயரம். யமுனை அவ்வளவு ஆழமா?
2. இரண்டு கோடிப் பேர் வாழும் தலைநகரின் வெள்ள எச்சரிக்கை ஏன் ஒரு பழைய இரும்புப் பாலத்தை நம்பியிருக்கிறது?
3. 2019-ல் டெல்லிக்கு வடக்கே ஹரியானாவில் உள்ள ஹத்னிகுண்ட் கதவணையிலிருந்து வினாடிக்கு 8.28 லட்சம் கன அடி வந்தது, டெல்லி பெரிய சேதமின்றித் தப்பியது. 2023-ல் அதில் பாதிகூட வரவில்லை, செங்கோட்டை மதில்வரை தண்ணீர் நின்றது. கணக்கு எங்கே இடிக்கிறது?

மூன்றாவதுதான் முக்கியமான கேள்வி. ஆனால் பாலத்தைப் புரிந்துகொள்ளாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

## எந்தப் பாலம் இது

செங்கோட்டையின் வடகிழக்கு மூலையை ஒட்டி சலீம்கர் என்றொரு கோட்டை இருக்கிறது. ஷாஜகான் செங்கோட்டையைக் கட்டுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு, 1546-ல், சூர் வம்சத்து சலீம் ஷா கட்டியது. அந்தக் கோட்டைக்குள் புகுந்து வெளியே வரும் தண்டவாளம் நேராக யமுனை மேல் ஏறுகிறது. எதிர்க்கரை ஷாதரா. ரயில்வே கணக்கில் இது 249-ம் எண் பாலம். ஊர்க்காரர்களுக்கு 'லோஹே கா புல்', அதாவது இரும்புப் பாலம்.

ரயில் வருவதற்கு முன்பும் ஆற்றைக் கடக்கும் துறை இதே பகுதிதான். படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை பரப்பிய படகுப் பாலம் இருந்தது. 1857 மே 11-ம் தேதி காலையில் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் டெல்லிக்குள் நுழைந்தது அதன் வழியாகத்தான். பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பகுதியிலேயே இரும்புப் பாலம் வந்ததில் ராணுவக் கணக்கும் கலந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. கிளர்ச்சி நடந்த கோட்டைக்குள்ளேயே தண்டவாளத்தைப் போட்டுவிட்டால், படை கொண்டுவர அதைவிட வசதி வேறில்லை.

கட்டியது ஈஸ்ட் இந்தியன் ரயில்வே. கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு வரும் பாதை யமுனையை இரண்டு இடத்தில் கடக்க வேண்டும். ஒன்று அலகாபாத் அருகே நைனி, அந்தப் பாலம் 1865-ல் திறக்கப்பட்டது. மற்றொன்று டெல்லி வாசலில் இந்தப் பாலம். 1863-ல் வேலை தொடங்கி 1866-ல் முடிந்தது. 1867 தொடக்கத்தில் ரயில் ஓடியது. செலவு அன்றைய மதிப்பில் 16 லட்சத்துச் சொச்சம் ரூபாய்.

அளவுகள் இவை: 12 கண்கள் (தூணுக்குத் தூண் இடைவெளி), ஒவ்வொன்றும் 202.5 அடி. முழு நீளம் 2,640 அடி, சரியாக அரை மைல். மேல்தளத்தில் ரயில், அதற்கு அடியில் கீழ்த்தளத்தில் சாலை. முதலில் ஒற்றைப் பாதைதான் இருந்தது. போக்குவரத்து பெருகியதும் 1913-ல் பக்கத்திலேயே இரண்டாவது பாதைக்கான கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள், ஏறின. 1933-34-ல் கனமான என்ஜின்களைத் தாங்குவதற்காக இரண்டு பாதைகளின் கர்டர்களையும் மாற்றினார்கள். அதற்கு 23 லட்சத்துக்கு மேல் செலவானது, பாலம் கட்டிய தொகையைவிடவே அதிகம்.

இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'ஒன்றரை நூற்றாண்டு பழமையான இரும்பின் மேல் ரயில் ஓடுகிறது' என்று அவ்வப்போது எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. மேலே தெரியும் இரும்பு 1930-களைச் சேர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டு பழையது கண்ணுக்குத் தெரியாத பகுதி: மணலுக்குள் இறங்கியிருக்கும் அடித்தளம். வெள்ளக் காலத்தில் பொறியாளர்களின் கவலை முழுவதும் அதைப் பற்றித்தான்.

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போனவர்களுக்கு இந்தப் பாலம் நினைவில் இருக்காது. தெற்கிலிருந்து ஆக்ரா, மதுரா வழியாக வரும் பாதை யமுனையின் மேற்குக் கரையிலேயே வந்து முடிந்துவிடுகிறது, ஆற்றைக் கடப்பதில்லை.

## ட்ரஸ் என்பது என்ன

வாய்க்காலின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு நடுவில் ஏறி நின்றால் அது வளையும். வளையும்போது பலகையின் மேல்பக்கம் நெருக்கப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. நடுவில் இருக்கும் மரத்துக்கு அதிக வேலை இல்லை, ஆனால் எடை மட்டும் உண்டு. வாய்க்கால் அகலமாக அகலமாக, பலகை தன் எடையைத் தூக்கவே தன் பலத்தைச் செலவழிக்கும்.

வேலை செய்யாத அந்த நடுப்பகுதியை எடுத்துவிட்டு, மேல்கம்பியையும் கீழ்க்கம்பியையும் சாய்வான கம்பிகளால் இணைத்தால் கிடைப்பதுதான் ட்ரஸ். தகர ஷெட் போடுபவர்கள் 'ட்ரஸ் ஒர்க்' என்று பலகை வைத்திருப்பார்களே, அதே தத்துவம். இதன் உயிர் முக்கோணத்தில் இருக்கிறது. நான்கு குச்சிகளை ஆணியடித்துச் சதுரமாக்கினால் ஒரு பக்கம் தள்ளும்போது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளை முக்கோணமாக்கினால் ஒரு குச்சியை உடைக்காமல் அதன் வடிவத்தை மாற்ற முடியாது. அதனால் பாலத்தின் மேல் ரயில் ஏறும்போது ஒவ்வொரு கம்பியும் ஒன்று நெருக்கப்படுகிறது அல்லது இழுபடுகிறது. வளைவது என்ற வேலை கம்பிகளுக்கு ஏறத்தாழ இல்லாமல் போகிறது. குறைந்த இரும்பில் நீண்ட கண் கிடைப்பது இப்படித்தான்.

1860-களில் இந்திய ஆறுகளுக்கு இது பொருந்திப்போனது. கல் வளைவுப் பாலம் கட்ட, வளைவு இறுகும்வரை கீழிருந்து சாரம் தாங்க வேண்டும். மழைக்காலத்தில் ஆளையும் மரத்தையும் அடித்துக்கொண்டு போகும் ஆற்றில் எத்தனை மாதம் சாரம் நிற்கும்? வளைவின் உதைப்பைத் தாங்கப் பாறை அடித்தளமும் வேண்டும். யமுனையில் தோண்டத் தோண்ட மணல்தான். ட்ரஸ் பாலத்தின் பாகங்களோ இங்கிலாந்தின் பட்டறையில் தேனிரும்பில் செய்யப்பட்டு, எண் போட்டு, கப்பலில் வந்தன. இங்கே ரிவெட் அடித்துப் பொருத்துவதுதான் வேலை.

அடித்தளம் மட்டும் நம் நாட்டுப் பழைய முறை. ஆற்று மணலின் மேல் செங்கல்லால் வட்டக் கிணறு கட்டுவார்கள். உள்ளே இருக்கும் மணலைத் தோண்டி வெளியே எடுக்க எடுக்க, கிணறு தன் எடையாலேயே கீழே இறங்கும். இறங்கிய அளவுக்கு மேலே கட்டுமானத்தை உயர்த்துவார்கள். போதிய ஆழம் போனதும் உள்ளே நிரப்பி மூடி, அதன் மேல் தூண் எழுப்புவார்கள். கிணறு இறக்குதல் என்று பெயர். தாஜ்மகாலின் ஆற்றோரப் பக்கமும் இத்தகைய கிணறுகள் மேல்தான் நிற்கிறது. ரயில்வே பொறியாளர்கள் அதை எடுத்து ஆற்றின் நடுவில் வைத்தார்கள்.

ஈரடுக்கு அமைப்பில் ஒரு விலை உண்டு. ரயில் மேலே ஓடுகிறது, ட்ரஸ் அதற்குக் கீழே தொங்குகிறது, அதற்குள்ளே சாலை போகிறது. எனவே பாலத்தின் அடிப்பகுதி, தண்டவாளத்தைப் பார்த்து நாம் ஊகிப்பதைவிட மிகத் தாழ்வாக, தண்ணீருக்கு அருகில் இருக்கிறது.

## 205.33: எங்கிருந்து எண்ணுவது

தமிழ்நாட்டில் அணை நீர்மட்டச் செய்தி படித்துப் பழகியவர்களுக்கு முதல் குழப்பம் இங்கேதான் வரும். மேட்டூர் 120 அடி என்றால் அணையில் குறிக்கப்பட்ட ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து 120 அடி. அதே மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டத்தைக் கடல் மட்டத்திலிருந்து சொன்னால் 790 அடி. இரண்டும் ஒரே நீர்மட்டம், பூஜ்யத்தை வைத்த இடம் மட்டும் வேறு.

டெல்லியில் சொல்வது இரண்டாவது வகை. 205.33 மீட்டர் என்பது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து யமுனையின் நீர்ப்பரப்பு இருக்கும் உயரம். ஆழம் அல்ல. கோடையில் ஆறு மெலிந்து கிடக்கும்போதும் அந்த இடத்தில் நீர்மட்டம் ஏறத்தாழ 202, 203 மீட்டர் என்றுதான் இருக்கும். சாதாரண நாளுக்கும் அபாய அளவுக்கும் நடுவே இருப்பது இரண்டு மூன்று மீட்டர்தான், ஒரு வீட்டுத் தளத்தின் உயரம். ஆகவே தசமப் புள்ளிக்கு அடுத்த எண்களை அலட்சியமாகப் படிக்கக் கூடாது. 205.3-லிருந்து 206.3 ஆவது எண்ணில் அரை சதவீத மாற்றம். தாழ்நிலக் குடியிருப்பில் இடுப்பளவுத் தண்ணீர்.

குறிக்கப்பட்ட மட்டங்கள் மூன்று:

1. எச்சரிக்கை மட்டம் 204.50 மீட்டர்.
2. அபாய மட்டம் 205.33 மீட்டர்.
3. மக்களை வெளியேற்றும் மட்டம் 206.00 மீட்டர்.

பழைய செய்திகளைத் தேடிப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018 வரை வந்த செய்திகளில் அபாய மட்டம் 204.83 என்று இருக்கும். 2019 முதல் 205.33. அரை மீட்டர் உயர்த்தப்பட்டது கோடுதான். 'அப்போதெல்லாம் அடிக்கடி அபாய அளவைத் தாண்டியது' என்று தலைப்புகளை எண்ணி முடிவுக்கு வருபவர்கள் இதில் ஏமாறுவார்கள். தலைப்புகளை விட்டுவிட்டு உண்மையான மட்டத்தை ஒப்பிட வேண்டும்.

சரி, ஏன் இந்தப் பாலம்? மத்திய நீர் ஆணையம் இங்கே மட்டம் பார்ப்பதற்குப் பின்னால் எளிய நடைமுறைக் காரணங்கள் இருக்கின்றன. அளவுகோல் அசையாத ஒன்றில் இருக்க வேண்டும், கரை அரிக்கும், தூண் அசையாது. வடக்கே வஜீராபாத் கதவணை, தெற்கே ஐ.டி.ஓ. கதவணை, இரண்டுக்கும் நடுவே, பழைய நகரத்தின் தோளில் இந்தப் பாலம் இருக்கிறது. டெல்லிக்குள் வந்த ஆறு முழுவதும் அந்தக் கண்களுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். தவிர, ஆற்றின் மேல் நிற்கும் முக்கியப் பாலங்களின் தூணில் அபாயக் குறியும் உச்ச வெள்ளக் குறியும் தீட்டி வைப்பது ரயில்வேயின் பழைய வழக்கம். ஆண்டாண்டாக ஒரே இடத்தில் எடுத்த அளவு சேரச் சேர அதன் மதிப்பு கூடுகிறது. 1978-ஐயும் 2023-ஐயும் நம்மால் ஒப்பிட முடிவது அதனால்தான்.

## வெள்ளம் வந்தால் ரயிலை ஏன் நிறுத்துகிறார்கள்

2023 ஜூலை, 2025 செப்டம்பர் இரண்டு முறையும் வெளியேற்ற மட்டத்தை ஒட்டி ஆறு ஏறியதும் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 'தண்ணீர் தண்டவாளத்தைத் தொடவே இல்லையே, பிறகு ஏன்?' என்று பயணிகள் கேட்டார்கள். ஆபத்து மேலே இல்லை.

1. முதல் ஆபத்து அரிப்பு. ஓடும் நீர் தூணில் மோதும்போது ஒரு பகுதி கீழ்நோக்கித் திரும்பி, அடியில் சுழித்து, தூணின் காலடி மணலைக் கிளப்பிக்கொண்டு போகும். கடற்கரையில் அலை திரும்பும்போது நம் குதிகாலுக்கடியில் மணல் நழுவுகிறதே, அதுதான். கிணற்று அடித்தளத்தைத் தாங்குவது சுற்றியுள்ள மணலின் பிடிப்பு. மணல் போனால் கிணறு போதிய ஆழத்தில் இருந்தும் பிடிமானம் குறைந்து நிற்கும்.

2. இரண்டாவது, பக்கவாட்டுத் தள்ளல். பாலம் மேலிருந்து கீழ்நோக்கி வரும் எடைக்காகக் கணக்கிடப்பட்டது. நீர் ட்ரஸின் அடிப்பகுதியை நெருங்கிவிட்டால், மிதந்து வரும் மரங்களும் ஆகாயத்தாமரையும் கம்பிகளில் சிக்கி ஒரு தடுப்புச் சுவராகிவிடும். சல்லடையாக இருந்த பாலம் பாய்மரமாகிறது.

3. மூன்றாவது, தூண் பார்வைக்கு மறைவது. சாதாரண நாளில் தூணை நேரில் போய்ப் பார்க்கலாம். வெள்ளத்தில் பார்க்க முடியாது.

அரிப்பில் ஒரு வஞ்சகம் உண்டு. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது குழி மிக ஆழமாக இருக்கும். வடியும்போது ஆறே மணலைக் கொண்டுவந்து குழியை நிரப்பிவிடும். பிறகு போய்ப் பார்த்தால் எதுவும் நடக்காததுபோல் இருக்கும், ஆனால் நிரம்பியிருப்பது இறுகாத புது மணல். திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே போக்குவரத்தை முன்பே பக்கத்துப் புதிய பாலத்துக்கு மாற்றியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

டெல்லியில் பழைய பாலம் மூடப்பட்டால் பழைய டெல்லி நிலையத்துக்கும் ஷாதராவுக்கும் இடையே நேர்வழி அறுந்துபோகும். ரயில்கள் புதுடெல்லிப் பக்கமுள்ள வேறு பாலத்தின் வழியாகத் திருப்பிவிடப்படும். புறநகர் ரயிலை நம்பி வேலைக்குப் போகிறவர்களுக்கு நாள் முழுக்கக் கெட்டுவிடும். ஆனாலும் மூடுவதுதான் சரி.

## லட்சம் கன அடியும் மீட்டரும் ஒத்துப்போகாத கதை

இப்போது மூன்றாவது கேள்விக்கு வரலாம். யமுனை மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் இடத்தில், டெல்லிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, ஹரியானாவின் யமுனாநகர் மாவட்டத்தில் ஹத்னிகுண்ட் இருக்கிறது. 1990-களின் இறுதியில் கட்டப்பட்டது. அதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தது தாஜேவாலா. அங்கே கடந்த உச்ச நீரளவையும் டெல்லிப் பாலத்தில் பதிவான உச்ச மட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி வரும்:

1. 1978: வினாடிக்கு ஏறத்தாழ 7 லட்சம் கன அடி, பாலத்தில் 207.49 மீட்டர்.
2. 2010: 7.44 லட்சம், 207.11 மீட்டர்.
3. 2013: 8.06 லட்சம், 207.32 மீட்டர்.
4. 2019: 8.28 லட்சம், 206.60 மீட்டர்.
5. 2023: 3.59 லட்சம், 208.66 மீட்டர்.
6. 2025: 3.29 லட்சம், 207.48 மீட்டர்.

கடைசி இரண்டு வரிகள்தான் தலைசுற்ற வைப்பவை. 2023 ஜூலை 13 அன்று பதிவான 208.66, 45 ஆண்டு நின்ற 1978 சாதனையை ஒரு மீட்டருக்கு மேல் முறியடித்தது. வந்த நீரோ பாதி.

இதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன் ஒரு சொல்லைச் சரிசெய்ய வேண்டும். 'ஹத்னிகுண்டிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள்' என்று செய்திகள் எழுதுகின்றன. 2023-ல் அரசியல் சண்டையே இதில் நடந்தது. ஹத்னிகுண்ட் மேட்டூர் போன்ற அணை அல்ல, முக்கொம்பு போன்ற கதவணை. தேக்கி வைக்க அதில் இடம் கிடையாது. சாதாரண நாளில் இருபுறமும் உள்ள மேற்கு, கிழக்கு யமுனைக் கால்வாய்களுக்குத் தண்ணீரைத் திருப்புவதுதான் அதன் தொழில். வரத்து 1 லட்சம் கன அடியைத் தாண்டினால், பாறையும் வண்டலும் புகுந்துவிடும் என்று கால்வாய் மதகுகளை மூடிவிடுவார்கள். அதன் பிறகு வருவதெல்லாம் ஆற்றோடு கீழே போகும், இரண்டு மூன்று நாளில் டெல்லியை அடையும். 3.59 லட்சம் கன அடி என்பது வினாடிக்கு ஒரு கோடி லிட்டர். அதைத் தடுத்து நிறுத்தும் சக்தி அந்தக் கதவுகளுக்கு இல்லை.

இனி முரண்பாட்டுக்கு வருவோம். காரணம் ஒன்றல்ல, பல அடுக்குகள்.

உச்சம் வேறு, நீடிப்பு வேறு. 8.28 லட்சம் என்பது உச்சத்தைத் தொட்ட நேரத்தின் அளவு. அந்த உச்சம் எத்தனை மணி நேரம் நின்றது என்பதை அந்த எண் சொல்லாது. குறுகிய உச்சம் 200 கிலோமீட்டர் ஓடிவரும்போது வயல்களிலும் வெள்ளச் சமவெளியிலும் பரவித் தட்டையாகிவிடும். மிதமான வெள்ளம் பல மணி நேரம் நீடித்தால், வழியில் உள்ள பள்ளங்கள் எல்லாம் முதலிலேயே நிரம்பிப் பின்னால் வருவது அப்படியே டெல்லிக்கு வரும். 2023-ல் இரண்டாவதுதான் நடந்தது. கூடவே டெல்லியிலும் ஜூலை 9 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் 153 மில்லிமீட்டர் மழை பெய்திருந்தது, ஜூலை மாதத்தின் ஒரு நாள் மழையில் 1982-க்குப் பிறகு அதுதான் அதிகம்.

பரவும் இடம் சுருங்கியது. 1978-ல் டெல்லிக்கு வடக்கே கரை உடைந்து வெள்ளம் வயல்களுக்குள் பாய்ந்தது. அங்கே பாய்ந்தது பாலத்துக்கு வரவில்லை. அதனால் 1978-ன் 207.49 என்பது ஓரளவு 'ஒழுகிய பாத்திரத்தின்' மட்டம். அதற்குப் பிறகு கரைகள் உயர்ந்தன. கரை உடையாமல் காத்தால் கரைக்குப் பின்னால் இருப்பவருக்கு நன்மை, ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதும் கீழே இருப்பவரிடம் வந்து சேரும்.

வெளியே போகும் வாசல் அடைத்தது. இதுதான் என் பார்வையில் மிக முக்கியமானது, செய்திகளில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் இதுதான். வாளியில் ஊற்றும் தண்ணீரின் அளவை மட்டும் பார்த்து மட்டத்தைச் சொல்ல முடியாது, அடியில் உள்ள துளையின் அளவும் தெரிய வேண்டும். பாலத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் ஐ.டி.ஓ. கதவணை. ஹரியானா அரசின் பராமரிப்பில் இருந்த அதன் 32 கதவுகளில் ஐந்து, வண்டல் இறுகித் திறக்க முடியாமல் சிக்கிக் கிடந்தன. வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரையிலான 22 கிலோமீட்டரில் மூன்று கதவணைகளும் இருபதுக்கு மேற்பட்ட பாலங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு பாலத்தின் தூணும் ஆற்றின் அகலத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறது. அதைவிட மோசம், பாலத்துக்கு ஏறுவதற்காக இருபுறமும் மண்ணைக் கொட்டி மேடாக்கும் அணுகுசாலை. தூணுக்குப் பின்னால் நீரோட்டம் தணியும் இடத்தில் வண்டல் படிந்து திட்டு உருவாகிறது, திட்டில் செடி முளைக்கிறது, செடி மேலும் வண்டலைப் பிடிக்கிறது. வெள்ளச் சமவெளியில் எழுந்த கட்டடங்கள் தனிக் கணக்கு.

ஆற்றில் ஓடும் நீரின் அளவு, குறுக்குவெட்டுப் பரப்பை வேகத்தால் பெருக்கினால் வருவது. அகலம் குறைந்து, அடி மேடாகி, வேகமும் தடைபட்டால், அதே நீர் கடந்துபோக ஒரே வழிதான் உண்டு: உயர்வது.

ஆகவே பாலத்துத் தூணில் தெரியும் எண், மேலிருந்து எவ்வளவு வருகிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. கீழே போக முடியாமல் எவ்வளவு நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. 2019-க்கும் 2023-க்கும் நடுவே அளவுகோல் மாறவில்லை. பாலம் அரை மைல் நீளத்திலேயே நிற்கிறது. 2023-ன் உயர்ந்த எண்ணை 'பயங்கர வெள்ளம்' என்று மட்டும் படித்தால் பாதிச் செய்தி விட்டுப்போகும். ஆறு விக்கிக்கொண்டிருக்கிறது என்பது மறுபாதி.

நியாயமாகப் பார்த்தால் இந்தப் பழைய பாலமும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். விருப்பப்படி அலைந்த ஆற்றை 'இந்தப் 12 கண்களுக்குள் போ' என்று நகருக்குள் கட்டிப்போட்ட முதல் நிரந்தரக் கட்டுமானங்களில் இதுவும் ஒன்று. ஷாஜகான் காலத்தில் செங்கோட்டையின் கிழக்கு மதிலை ஒட்டி யமுனை ஓடியது. ஆறு விலகிப் போனது, விட்டுப்போன படுகையில் ரிங் ரோடு வந்தது. 2023-ல் மதிலோரம் தண்ணீர் நின்ற படங்களைப் பார்த்து 'செங்கோட்டைக்குள் வெள்ளம் புகுந்தது' என்று எழுதினார்கள். ஆற்றின் பக்கத்திலிருந்து பார்த்தால், அது தன் பழைய இடத்துக்கு வந்துபோனது. அதே வாரத்தில் வஜீராபாத், சந்திராவல், ஓக்லா என்ற மூன்று நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, வெள்ளத்துக்கு நடுவே குடிநீர்ப் பஞ்சம் வந்தது தனிக் கொடுமை.

## புதிய பாலமும் பழைய அளவுகோலும்

பழைய பாலத்துக்கு மாற்றாகப் பக்கத்திலேயே புதிய ரயில் பாலம் கட்ட 1990-களின் கடைசியிலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆனால் 2025 வெள்ளத்திலும் மூட வேண்டியிருந்தது பழைய பாலத்தைத்தான். தாமதத்துக்குப் பெரிய காரணம் இரும்பு அல்ல, வரலாறு. புதிய பாதையும் சலீம்கர் கோட்டை வழியாகப் போவதுபோல் வரையப்பட்டதால் தொல்லியல் துறை ஒப்பவில்லை. தடத்தை மாற்றி வரைய வேண்டியதாயிற்று. 1860-களில் கோட்டையைக் கேட்காமல் தண்டவாளம் போட முடிந்தது. இன்று முடியாது, முடியக் கூடாது என்பதும் சரிதான்.

ரயில்கள் முழுவதும் புதிய பாலத்துக்குப் போன பிறகு பழையதை என்ன செய்வது என்ற கேள்வி வரும். அருங்காட்சியகப் பொருளாக வைத்துக்கொள்ளலாம் என்பார்கள் சிலர், பழைய இரும்புக்குப் போடலாம் என்பார்கள் சிலர். இரண்டிலும் நீரியல் விளைவு உண்டு. தூண்களை அப்படியே விட்டால், பழைய தூண் வரிசையும் புதிய தூண் வரிசையும் அடுத்தடுத்து நின்று நீரோட்டத்தை இரண்டு முறை தடுக்கும், நடுவில் வண்டல் சேரும். தூண்களை அடியோடு எடுத்தால் அந்த இடத்தில் ஆறு அகலும், அதே அளவு வெள்ளத்துக்கு மட்டம் சற்றே தாழும். அப்போது 205.33 என்ற கோட்டை அப்படியே வைத்திருந்தால், எச்சரிக்கை மணி அடிக்கும் நேரத்தில் தாழ்நிலங்களில் தண்ணீர் வேறு உயரத்தில் நிற்கும். எந்த மட்டத்தில் எந்தத் தெரு மூழ்குகிறது என்று மறுபடியும் அளந்து, புதிய கோடுகளைப் போட வேண்டியிருக்கும். சில பருவமழைகளுக்கு இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் மட்டம் எடுத்து, பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று ஒத்துப்பார்க்காமல் பழைய அளவுகோலை அகற்றினால், 1978 முதல் வரும் ஒப்பீட்டுத் தொடர் அத்தோடு அறுந்துவிடும்.